நிலாவில் காய்ந்த வடகம்

பங்குனி 24, காலை 6.40

செடி அறை: வெப்பம் 18, ஈரம் 60. விளக்குகள் முப்பத்தாறும் எரிகின்றன. காற்று உலை: பச்சை. ஆட்கள் இரண்டு. இருவரும் உயிரோடு, அதில் ஒருவர் அழகு.

இது டாக்டர் ரூபாவதி எழுத வேண்டிய குறிப்பு. பித்தப்பையில் கல் வந்து, போன கப்பலில் அவர் ஊர் திரும்பிவிட்டார். தினமும் எழுதி வை, எவர் எடுத்துப் படித்தாலும் விளங்க வேண்டும் என்று சொல்லிப் போனார். எழுதுகிறேன். எடுத்துப் படிக்கிறவருக்கு வணக்கம். நான் ஒச்சம்மாள். வயது ஐம்பத்திரண்டு. படிப்பு ஆறாவது. அந்த ஆறாவதை மட்டும் ரெண்டு தடவை படித்ததால் அது நன்றாகவே தெரியும். வடுகபட்டிப் பூண்டு மண்டியில் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது நிலாவின் தரைக்கு அடியில் ஒரு குகையில் இருக்கிறேன். மூக்குக்காக எடுத்தார்கள். முகத்துக்காக என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன்.

குகையில் மூன்று அறை. இருக்கிற அறை, உலை அறை, செடி அறை. செடி அறையில் நாலு அடுக்காக நிற்பவை வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் ஒன்றுவிட்ட சொந்தக்காரச் செடிகள். பாமீர் மலையிலும் இமயமலைக்கு அப்பாலும் தானாக முளைத்தவை. கீழே வயல்களில் அழுகல் நோய் வந்து வெங்காயமும் பூண்டும் மண்ணோடு போகின்றன. இந்தக் காட்டுப் பயல்களை மட்டும் நோய் தொடுவதில்லை. இவற்றில் கந்தகச் சரக்கு ஜாஸ்தி. எந்தச் செடியில் எவ்வளவு என்று இயந்திரம் அளக்கும். வாயில் வைத்தால் மனுஷன் தாங்குவானா என்று நான் அளப்பேன். தினமும் பத்து இலை கிள்ளி, மென்று, காரத்துக்கு மதிப்பெண் போடுவது என் வேலை. எனக்கு யாரும் போடாத மதிப்பெண்ணை எல்லாம் நான் செடிக்குப் போடுகிறேன்.

இலையை முழுசாக முகர்ந்தால் வாசமே கிடையாது. கந்தகச் சரக்கு ஒரு பக்கம், அதை உடைக்கிற நொதி இன்னொரு பக்கம், நடுவில் சுவர். பல் பட்டதும் சுவர் இடிந்து ரெண்டும் கலக்கும். அதற்குப் பிறகுதான் காரம், கண்ணீர், நாற்றம் எல்லாம். எங்கள் தெருவில் ரெண்டு சம்பந்திகள் இப்படித்தான். தனித்தனியாகப் பார்த்தால் தங்கம்.

விதி ஒன்று: எதையும் கரிக்கூண்டுக்குள், அதாவது நாற்றத்தைக் கரி பிடித்துவைக்கும் மூடிய பெட்டிக்குள், கையை விட்டுத்தான் வெட்ட வேண்டும். வெளியே வெட்டக் கூடாது.

இண்டர்காம், 7.05. கிதியோன், உலை அறையிலிருந்து: "எக்கா, இன்னைக்கும் டப்பா சாம்பார்தானா? நாக்கு செத்துப் போச்சு."

நான்: "செத்தா நல்லது தம்பி. கல்யாணத்துக்கு அப்புறம் அதுக்கு வேலையே இல்ல."

கிதியோன் எங்கள் எஞ்சினியர். நாசரேத்துக்காரன். முப்பது வயது. ஆவணியில் கல்யாணம், பெண் பெயர் பியூலா. ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்கப் பாடுபடுகிறான்.

பங்குனி 27, மாலை 6.40

வெப்பம் 18. விளக்கு 36. உலை பச்சை.

இரண்டாம் அடுக்கில் ஒரு வரிசைச் செடிகளில் கிழங்கு எடுத்தாயிற்று. அளந்தது போக ஒரு கூடை மிச்சம். அழித்துவிடு என்று அட்டவணை சொல்கிறது. கிழங்கு ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு, செக்கச்செவேலென்று. இதை அழிக்கிறவள் சோறு தின்கிறவளா?

பங்குனி வெயிலில் வடகம் போடாமல் நான் ஒரு வருஷமும் இருந்ததில்லை. சொந்தச் சாமான் என்று அனுமதித்த எடையில் மற்றவர்கள் படம், பைபிள் கொண்டுவந்தார்கள். நான் உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், விளக்கெண்ணெய் கொண்டுவந்தேன். கரிக்கூண்டுக்குள் கையை விட்டு, விதிப்படி, கிழங்கை நசுக்கினேன். எல்லாம் போட்டுப் பிசைந்து ஒரு ராத்திரி புளிக்க வைத்து, உருட்டியும் ஆயிற்று. ஆனால் கூண்டுக்குள் வெளிச்சம் இல்லை. அங்கே காயவைத்தால் பூஞ்சைதான் பிடிக்கும். செடி விளக்குக்கு அடியில் தட்டில் பரப்பினால் நம் ஊர் வெயில் மாதிரியே விழுகிறது.

இண்டர்காம், 11.05. நான்: "விளக்குக்கு அடியில வைக்கலாமா, உன் விதி என்ன சொல்லுது?"

கிதியோன்: "வெட்டக்கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. காயப்போடக்கூடாதுன்னு எழுதலையே."

நான்: "படிச்சவன் படிச்சவன்தாம்ப்பா."

வடகம் என்றால் பகலில் காயும், சாயங்காலம் எடுத்து மறுபடி பிசைந்து, எடுத்து வைத்த சாற்றைத் தெளித்து, மறுபடி உருட்டி, மறுநாள் காயும். ஒரு வாரம் அப்படி. அறை முழுக்க வாசம் தூக்குகிறது. கால் மெட்டி கருத்துப்போய்விட்டது. வெள்ளிக்கே பொறாமை.

சித்திரை 1, மதியம் 1.30

உலை பச்சை. வருஷப் பிறப்பு. முழுசாகக் காயுமுன்னே ஒரு வடகம் எடுத்துத் தாளித்து வத்தக்குழம்பு. ஆளுக்கு மூன்று தட்டு சோறு.

கிதியோன் கீழே செய்தி அனுப்பினான், நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: "பியூலா, இந்த அக்கா வச்ச குழம்புல பாதி நீ வச்சாக்கூடப் போதும்."

பதில் வந்தது: "அப்ப அந்த அக்காவையே கட்டிக்கோங்க."

பெண் தேறிவிடுவாள். அவனைப் பற்றித்தான் கவலை.

சித்திரை 5, காலை 8.15

உலை மஞ்சள்.

சித்திரை 5, மாலை 5.40

உலை சிவப்பு. கிதியோன் காலையிலிருந்து அதன் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எப்போதும் பாடுகிறவன், இன்று பாட்டு இல்லை.

படிப்பவருக்கு: நாங்கள் விடுகிற மூச்சிலிருந்து கரியமில வாயுவை வாங்கி, அதைத் திரும்பத் தண்ணீரும் பிராணவாயுவும் ஆக்கித் தருவது இந்த உலை. உள்ளே கெட்டி என்று ஒரு குப்பி இருக்கிறது, அதில் பொடிப் பொடியாக ஓர் உலோகம். வேலை எல்லாம் அந்தப் பொடியின் மேல்தான் நடக்கிறது. செடி அறைக் காற்றும் அதன் வழியாகத்தான் போய் வரும்.

டாக்டர் ரூபாவதி, கீழேயிருந்து, 5.10: "ஒச்சம்மா, எத்தனை நாள் வெளியில காஞ்சுது?"

நான்: "ஏழு நாளும்மா."

டாக்டர்: "தினமும் பிசைஞ்சீங்களா?"

நான்: "பிசையாம எப்படிம்மா வடகம்?"

 பிறகு சொன்னார். பிசையும் ஒவ்வொரு தடவையும் கந்தகம் காற்றில் ஏறியிருக்கிறது. ஊர்ப் பூண்டாக இருந்தால் கரி வடிகட்டியே தாங்கியிருக்கும். இது காட்டுச் சரக்கு. வடிகட்டி நிறைந்து, மிச்சம் கெட்டிக்குப் போய், அந்த உலோகப் பொடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்காது. அதை எழுப்ப இங்கே வழி இல்லை.

கிதியோன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

சித்திரை 7, பகல் 12.00

முடிவானது இது. தெளிவாக எழுதுகிறேன்.

மாற்றுக் கெட்டி ஒன்றே ஒன்று உண்டு. சின்னது. ஒரு ஆளின் மூச்சுக்குத்தான் காணும். செடி அறைச் செடிகளும் ஒரு ஆளின் மூச்சை வாங்கிக்கொள்ளும், இலையும் விளக்கும் ஒழுங்காக இருந்தால். ஆகவே ஒருவர் அந்தப் பக்கம், ஒருவர் இந்தப் பக்கம். நடுவில் கதவை அடைத்து, காற்று போகும் குழாயையும் அடைக்க வேண்டும். வைகாசி 28இல் கப்பல் வரும் வரை.

யார் எந்தப் பக்கம் என்று பேச்சே எழவில்லை. நான் போட்டிருந்த சட்டையைக் கிதியோன் ஒரு பைக்குள் வைத்து, பழைய கெட்டியில் கெடாமல் கிடந்த ஒரு சிட்டிகைப் பொடியைக் கூட வைத்தான். மறுநாள் அதுவும் செத்துவிட்டது. மாதக்கணக்காகக் காட்டு இலை மென்றிருக்கிறேன். அது என் மூச்சிலும் வியர்வையிலும் ஊறிக் கிடக்கிறது, போக ரெண்டு மாசம் ஆகும் என்கிறார் டாக்டர். அவன் ஒரு நேரம் குழம்பு சாப்பிட்டவன், அவனுக்கு அது போயேபோய்விட்டது. இத்தனை நாள் அதைப் பிடித்துவைத்த கரி வடிகட்டியும் நிறைந்துவிட்டது. கெட்டி இருக்கிற காற்றில் நான் நாலு நாள் மூச்சு விட்டால் கெட்டி காலி. அப்புறம் ரெண்டு பேரும் காலி.

விண்வெளி உடுப்பு உண்டு, அதில் ஒரு பகல் ஓட்டலாம். அவ்வளவுதான்.

அவல், பருப்புப் பொடி, தண்ணீர், போர்வை எல்லாம் இந்தப் பக்கம் கொண்டுவந்தாயிற்று. கதவு மூடும்போது கிதியோன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெண்ணைப் புகுந்த வீட்டில் விட்டுப் போகிற அப்பன் மாதிரி நின்றான்.

கதவுக்குச் சக்கரத் தாழ் அவன் பக்கம். என் பக்கம் வெறும் தகடு.

சித்திரை 15, காலை 7.00

வெப்பம் 17. விளக்கு 36. கரியமில வாயு நூற்றுக்கு 0.6. நல்ல எண்.

அறை நீளத்துக்கு நடந்தால் இருபத்தோரு அடி வருகிறது. திரும்பினால் மறுபடி இருபத்தொன்று, ஏமாற்றவில்லை. அகலத்தில் நடக்க முடியாது, அடுக்கு இடிக்கும். மூன்றாம் அடுக்குக்கும் நாலாம் அடுக்குக்கும் நடுவில் படுக்கிறேன். புரண்டால் செடித் தாள் மூஞ்சியில் படுகிறது. படுகிற தாள் கசங்கினால் வாசம். கண்ணைத் திறக்குமுன் கண்ணீர். சன்னல் இல்லை. விளக்கு ஊதாவாக எரிவதால் என் கை எனக்கே பிணத்தின் கை மாதிரி தெரிகிறது. கையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

காலையும் சாயங்காலமும் இண்டர்காமில் பேச்சு. 6.30.

கிதியோன்: "எக்கா, இருக்கியளா?"

நான்: "இல்ல, மார்க்கெட்டுக்குப் போயிருக்கேன். வந்து கூப்பிடுறேன்."

கிதியோன்: "நேத்து கனவுல உங்க கதவத் திறந்துட்டேன்."

நான்: "கனவுல பியூலாவத் தவிர வேற கதவத் திறந்தா உதை விழும்."

கிதியோன்: "விளையாடாதீய. ஒருநா காலையில உங்க சத்தம் வரலைன்னா நான் நெசமாவே திறந்துருவேன். கெட்டியாவது மண்ணாவது. சொல்லிட்டேன்."

நான்: "அப்ப நான் தொண்டைக்குப் பனங்கற்கண்டு வாங்கணும்."

அவன் சிரித்தான். ஆனால் சொன்னதை நிஜமாகத்தான் சொன்னான். அவன் குரல் எனக்குத் தெரியும்.

சித்திரை 27, பகல் 10.30

வெப்பம் 17. விளக்கு 36. கரியமில வாயு 0.9.

செடிகள் பூத்துவிட்டன. வெள்ளை, ஊதா, ரோஜா என்று பந்து பந்தாக. இந்த நிறத்தில் எங்கள் ஊரில் ஒரு பட்டு கிடையாது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் தாள் நுனியைக் கவனித்தேன். மஞ்சள்.

டாக்டர், 10.05, கிதியோன் பக்கத்துக் கருவி வழியாக: "ஒச்சம்மா, அதெல்லாம் மலைச் செடி. பூத்து விதை கட்டினா தாள் காஞ்சு கிழங்கு தூங்கப் போயிடும். பூத்தண்டு எல்லாத்தையும் வெட்டிடுங்க. விதைக்குன்னு செடி செலவு பண்ணாது. தாள் இன்னும் ஒரு மாசம் பச்சையா நிக்கும்."

நான்: "விதைக்குத்தானேம்மா இவ்வளவு தூரம் வந்தோம்?"

டாக்டர்: "போன வருஷ விதை கொஞ்சம் கீழ இருக்கு. நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. வெட்டுங்க."

செடி தூங்கினால் நானும் தூங்க வேண்டும். வெட்டுகிறேன். கரிக்கூண்டு அவன் பக்கத்தில் இருக்கிறது. இங்கே இருந்தாலும் நானூறு தண்டை அதற்குள் வைத்து எப்போது வெட்டி முடிக்க?

சித்திரை 29, பகல் 2.00

வெட்டி முடித்தேன். ஒரு நாள் முழுக்கக் கண் திறக்க முடியவில்லை. என் மாமியார் செத்தபோது கண்ணீர் வரவில்லை என்று ஊர் பேசியது. அந்த ஊர் இங்கே வந்து பார்க்கட்டும். மூக்கு, தொண்டை, காது எல்லாம் எரிகிறது. பூக்களைப் பைக்குள் கட்டினேன். கட்டியும் வாசம் போகவில்லை, போக இடமும் இல்லை.

நெஞ்சு சளி மாதிரி அடைக்கிறது. கிதியோனிடம் சொல்லவில்லை.

வைகாசி 4, காலை 9.10

விளக்கு 29. நேற்று 34. கரியமில வாயு 1.3.

தாள் பச்சையாகத்தான் நிற்கிறது, டாக்டர் சொன்னது சரி. விளக்குகள்தான் ஒவ்வொன்றாக அணைகின்றன. பல்பில் கோளாறில்லை. ஒன்றைக் கழற்றிக் கிதியோன் சொன்னபடி பார்த்தேன்.

கிதியோன், 8.40: "கம்பி சேருற இடம் என்ன நெறத்துல இருக்கு?"

நான்: "கருப்பு. அடுப்புக் கரி மாதிரி."

கிதியோன்: "எக்கா, ஒங்க மெட்டி கருத்துப்போச்சுன்னு அன்னைக்குச் சொன்னியள்ல?"

நான்: "ஆமா."

கிதியோன்: "அதே சங்கதிதான். கந்தகம் வெள்ளிய, செம்பத் தின்னுது. விளக்குக்கு உள்ள சேருற இடம் எல்லாம் செம்பும் வெள்ளியும்தான்."

நான்: "அப்ப புளி போட்டுத் தேய்ச்சாப் போச்சு. செம்புக் குடத்துக்கு அதானே?"

கிதியோன்: "புளி எங்கிட்ட இருக்கு எக்கா."

  இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு டப்பா புளி.

ஊசியால் சுரண்டுகிறேன். சுரண்டினால் ஒரு விளக்கு ஒரு நாள் எரிகிறது. மறுநாள் மறுபடி கருப்பு.

வைகாசி 9, காலை 7.20

விளக்கு 17. கரியமில வாயு 2.1. டாக்டர் கிழித்த அபாயக் கோடு 2.

என் அளவுமானியிலிருந்து அவன் பக்கத்துக்குப் போகிற கம்பி கருத்துவிட்டது. எண் எனக்கு மட்டும் தெரிகிறது. நான் சொல்வதுதான் அவனுக்கு எண். 0.9 என்று சொன்னேன். விளக்கெல்லாம் சுரண்டிச் சரியாக்கிவிட்டேன் என்றேன்.

கிதியோன், 6.35: "மின்சாரம் பாதிதானே எடுக்குது அந்தப் பக்கம்?"

நான்: "செடிக்குக் கொஞ்சம் நிழல் காட்டுறேன். நீ கரண்டுக்காரன், எனக்கு வெவசாயம் கத்துக்குடுக்காத."

நம்பினான். நம்ப விரும்புகிறவனை ஏமாற்றுவது சுலபம். மண்டியில் வியாபாரிகளிடம் படித்தது.

தலைவலி. உட்கார்ந்து எழுந்தால் ஓடிவந்தது மாதிரி இரைக்கிறது.

வைகாசி 13, பகல் 11.00

விளக்கு 9. எண் 2.9.

இன்று ஒன்று முடிவு செய்தேன். இதை எடுத்துப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு வேண்டுகோள். கிதியோன் ஊர் போய், கல்யாணம் முடிந்து, ஒரு பிள்ளையும் பெற்ற பிறகு இதை அவனிடம் காட்டுங்கள். அதுவரை வேண்டாம்.

என் சத்தம் ஒரு நாள் நின்றால் அவன் சக்கரத்தைத் திருப்புவான். திருப்பினால் இந்த அறைக் காற்றெல்லாம் அந்தப் பக்கம் பாய்ந்து கெட்டியைத் தின்றுவிடும். அப்புறம் கப்பல் வரும்போது ஏற்றிக்கொள்ள ஆளிருக்காது. ஆகவே என் சத்தம் நிற்கக் கூடாது.

செடிக்குத் தண்ணீர் விடும் நேரத்தைச் சொல்ல டாக்டர் ஒரு பதிவுக் கருவி வைத்திருந்தார். நாளும் மணியும் வைத்துப் பேசிப் பதிந்தால், அந்த நேரத்தில் தானாக இண்டர்காமில் பேசும். பாட்டரியில் ஓடும். கம்பியை இன்று சுரண்டித் துடைத்தேன். இந்தப் பக்கம் நான் துடைத்ததில் நன்றாக வேலை செய்கிற ஒரே சாமான் இதுதான்.

பதிந்த பேச்சு கேள்விக்குப் பதில் சொல்லாது. அதற்கும் வழி செய்தேன்.

நான், 10.30: "ஏப்பா, என் பக்கத்து ஒலிபெருக்கியும் கருத்துப்போச்சு போல. உன் சத்தம் கொர்ருங்குது. நான் பேசுறது உனக்குக் கேக்குதா? கேட்டா ரெண்டு தடவை கதவைத் தட்டு."

தட்டினான்.

நான்: "சரி. நான் காலையும் சாயங்காலமும் பேசுறேன். நீ கேட்டுக்க. இதுதான்டா நல்ல கல்யாணப் பயிற்சி."

என் ஒலிபெருக்கிக்கு ஒரு கேடும் இல்லை. அவன் சிரித்தது சுத்தமாகக் கேட்டது.

வைகாசி 15, மாலை 4.00

விளக்கு 6. எண் 3.4.

ரெண்டு நாளாகப் பதிந்தேன். வைகாசி 28 வரைக்கும் காலை, சாயங்காலம். கொஞ்சம் மூச்சு வாங்கி, வாங்கி முடித்து, ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். இரைப்பு தெரியக் கூடாது. தெரிந்தவற்றை அழித்துத் திரும்பப் பதிந்தேன். பதிந்த கதைகள் இவை: என் வீட்டுக்காரர் மாயன் பெண் பார்க்க வந்தபோது எங்கள் ஆட்டுக்குட்டி அவர் வேட்டியைத் தின்றது. மண்டி மேஸ்திரி பூண்டு மூட்டைமேல் தூங்கி லாரியோடு கம்பம் ஊர் வரை போனது. பியூலாவிடம் முதல் மாசம் எதற்கெல்லாம் வாய் திறக்கக் கூடாது என்கிற பாடம், அது மட்டும் மூன்று பாகம். எல்லாம் கலகலவென்று வந்திருக்கிறது. நான் செத்தாலும் ரொம்ப நாள் பேசுவேன் என்று மாயன் சொல்வார்.

வைகாசி 16, காலை 7.45

விளக்கு 5.

6.30க்கு முதல் பதிவு போனது. நான் தரையில் சாய்ந்து உட்கார்ந்து, நான் பேசுவதைக் கேட்டேன். ஆட்டுக்குட்டிக் கதை. என் குரல் இவ்வளவு சத்தமா? மாயன் பாவம்.

கதை முடிந்து அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. இண்டர்காமில் பேசுகிற பொத்தானை அவன் விடவில்லை. எனக்குக் கேட்காது என்று நினைத்துப் பேசினான். அப்படியே எழுதுகிறேன்.

கிதியோன், 6.38: "எக்கா, ஒங்களுக்குக் கேக்காதுன்னு தெரியும். அதனாலதான் சொல்லுதேன். கப்பல் இருபத்தெட்டுக்கு வரல. எஞ்சின்ல என்னமோ கோளாறாம். ஆனி இருபத்தஞ்சுன்னு சொல்லிட்டாவ. எனக்குத் தெரிஞ்சு ஒரு வாரமாச்சு. ஒங்ககிட்டச் சொல்ல வாய் வரல. டாக்டரம்மாவையும் சொல்ல வேண்டாம்னுட்டேன். நீங்க பாட்டுக்கு இருபத்தெட்டு இருபத்தெட்டுன்னு சந்தோசமா இருக்கிய. நீங்க கேலி பண்ணுறதக் கேட்டாத்தான் எனக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்குன்னு தோணுது. ஒங்க சத்தம் நின்னா நான் யோசிக்க மாட்டேன் எக்கா. திறந்துருவேன். கேட்டியளா? கேக்காது. சரி. சாப்பிடுங்க."

பொத்தான் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதன்மேல் விரல் வைத்துக்கொண்டே இருந்தேன். அழுத்தவில்லை.

பயல் என்னையே ஏமாற்றியிருக்கிறான். ஒரு வாரம். எனக்குத் தெரியவில்லை. நம்ப விரும்புகிறவளை ஏமாற்றுவதும் சுலபம்தான் போல.

வைகாசி 28க்குப் பின்னால் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

வைகாசி 16, பகல் 1

விளக்கு 4. எண் பார்க்கவில்லை.

பதிகிறேன். ஆனி 25 வரை வேண்டும். முதலில் வைகாசி 28க்கு ஒன்று, கப்பலை நினைத்துச் சந்தோஷப்பட்டதை அழித்துவிட்டு, கப்பல் பிந்தினால் பிந்தட்டும், எனக்கென்ன, இங்கே வாடகையா கேட்கிறார்கள் என்று. இதை நன்றாகச் சொன்னேன்.

29க்குப் பல்லிக் கதை. 30க்கு பக்கத்து வீட்டு சம்பந்தி சண்டை. சுருக்கமாக. 31க்கு

உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன். எவ்வளவு நேரம் தெரியாது.

ஆனி 1க்கு பியூலாவுக்குக் குழம்பு சொல்லிக்கொடுப்பது. வடகத்தைத் தாளிக்கும்போது எண்ணெய் நன்றாகக் காய வேண்டும். இதைச் சொல்லும்போது சிரிப்பு வந்தது, அதையும் வைத்துக்கொண்டேன்.

வைகாசி 17, காலை

விளக்கு 2. தாள் தலை சாய்க்கிறது. எனக்கும்.

ஒரு வாக்கியத்துக்கு நாலு தடவை நிறுத்துகிறேன். நிறுத்தினால் அவன் கண்டுபிடிப்பான். 28க்குப் பின் எட்டு நாள் பதிவு முடிந்தது, ஆனி 5 வரை. இன்னும் இருபது நாள். சிரிப்புக் கதை தீர்ந்துவிட்டது. எனக்கே தெரியாத கதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன், நடுவில் ஆள் பெயர் மாறிப் போகிறது.

ஒரு யோசனை. பேச்சு ஒரு நாள், தூக்கம் ஒரு நாள். முன்னால் போட்ட பேச்சையே கொஞ்சம் மாற்றி, நடுவில் நடுவில் தூக்கம் வைத்தால் ஆனி 25 வந்துவிடும். அதற்கு ஒன்று பதிந்தேன்: "ஏப்பா, ராத்திரி பூரா செடிக்குக் காவல். உடம்பு அசதி. தூங்குறேன், தட்டாத." நல்லா வந்தது. இதற்குப் பின்னால் குறட்டை வேண்டும். குறட்டை கேட்டால் கதவைத் திறக்க மாட்டான். கேலி பண்ண ஒன்று கிடைத்தது என்று பியூலாவுக்குச் செய்தி அனுப்புவான்.

பொய்யாகக் குறட்டை விட்டுப் பார்த்தேன். பன்றிக்குட்டி மாதிரி இருக்கிறது. நம்ப மாட்டான். நிஜம்தான் வேண்டும்.

நிஜம் சுலபம். கண் தானாக மூடுகிறது. கருவியைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். சத்தம் இருக்கும் வரை பதியும். சத்தம் நின்றால் அதுவே வெட்டிக்கொள்ளும். டாக்டர் அப்படித்தான் வைத்திருக்கிறார். எனவே நான் எழுந்து நிறுத்த வேண்டியதில்லை. ஆனி 6இலிருந்து பேச்சு நாளுக்குப் பழைய பேச்சையும், எல்லாத் தூக்கத்துக்கும் இந்தக் குறட்டையையும் வைத்துவிட்டேன். எவ்வளவு நீளம் வருகிறதோ அவ்வளவு.

அவன் பாட்டுப் பாடுகிறான் அந்தப் பக்கம். சுருதி இல்லை. அது பதிவில் விழாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறேன்.

பதிவுப் பொத்தானை அழுத்தியாயிற்று. சிவப்புப் புள்ளி எரிகிறது. எழுதுகிற சத்தம்கூட விழக் கூடாது, அதனால் இதோடு